பச்சை ரப்பர் பேண்டு

ஜனவரி 6, செவ்வாய்

விடியலில் பனி. வாடைக்காற்று. சுபுஹு தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தேன்.

முதலில் நடந்த அநியாயத்தை எழுதிவைக்கிறேன். பின்னால் யாரும் "பாய் மறந்துட்டார்" என்று சொல்லக்கூடாது.

டிசம்பர் சைக்கிள் ஓட்டத்தில் கொக்கு பார்க் சிக்னலில் புறப்பட்டேன். கனகசெட்டிக்குளம் வரை போனேன். திரும்பினேன். முடிவுக் கோட்டைத் தாண்டினேன். சைக்கிள் சங்கம் என் பெயருக்கு நேராக "முடிக்கவில்லை" என்று போட்டு, அதைப் போன் குழுவில் எல்லோருக்கும் அனுப்பியது.

காரணம், என் கையில் ரப்பர் பேண்டு இல்லை.

சங்கத்தின் வழக்கம் இது. திரும்பும் இடத்தில் ஒரு நாற்காலி போட்டு ஒருவர் உட்கார்ந்திருப்பார். போகிறவர்கள் கையை நீட்டினால் ஒரு ரப்பர் பேண்டு மாட்டிவிடுவார். எந்த நிறம் என்று அன்றைக்கு அங்கே போனால்தான் தெரியும். பேண்டு இல்லாமல் வந்தால் பாதியில் திரும்பிய ஆள்.

டிசம்பரில் அறுபது தாண்டியவர்களை மெதுவாகப் போவார்கள் என்று முன்னாலேயே கிளப்பிவிட்டார்கள். அதில் நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். நாற்காலி இருந்தது. நாற்காலிமேல் பை. பையின் வாய் திறந்திருந்தது, உள்ளே பச்சை ரப்பர் பேண்டுகள். ஆள் இல்லை. இரண்டு முறை கூப்பிட்டேன். பக்கத்து டீக்கடையில் பெஞ்சு நிறைய கூட்டம், பனியில் முகம் தெரியவில்லை.

கையை விட்டு ஒன்றை எடுத்திருக்கலாம். எடுக்கவில்லை. எடுத்தால் அது எனக்குக் கொடுத்தது ஆகாது, நான் எடுத்தது ஆகும். திரும்பிவிட்டேன்.

அந்த நாற்காலிக்குப் பொறுப்பு கலைச்செல்வி டீச்சர். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அவர் சொன்னது: "பாய் அங்க வரவே இல்ல சார்."

நான் சீக்கிரம் போனது என் குற்றமாகிவிட்டது.

ஜனவரி 8, வியாழன்

வெயில். பீச் ரோட்டில் தலைவர் லூர்துவைப் பார்த்தேன். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். எனக்குப் பத்து வயது சின்னவர். கார்பன் சைக்கிள். சைக்கிள் என்று சொல்லமாட்டார், வெலோ என்பார்.

"எதிர்ல நான் வந்ததைப் பாத்தீங்களா இல்லையா?" என்றேன்.

"பாத்தேன் பாய். காலாப்பட்டு தாண்டி எதிர்ல வந்தீங்க. எங்க திரும்பினீங்கன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்றேனே."

"போன்ல தூரம் காட்டற ஆப் ஓடலையா?"

"நான் ஓட்டறேன். போன் எதுக்கு ஓடணும்?"

சிரித்தார். "சே பா கிராவ், பாய். விடுங்க." பரவாயில்லை என்று அர்த்தம். மற்றவன் பெயர் என்றால் அவருக்கு எல்லாமே பரவாயில்லைதான்.

பிறகு உண்மையைச் சொன்னார். கமிட்டியில் பேச்சு அடிபடுகிறதாம். இனிமேல் அறுபத்தைந்து தாண்டியவர்கள் காலாப்பட்டு வரைக்கும்தான், பிள்ளைகள் ஓட்டத்தோடு, நேரம் குறிக்காமல், ஆளுக்கு ஒரு தொப்பி. "உங்க நல்லதுக்குத்தான் பாய்."

எனக்கு அறுபத்தெட்டு. தொப்பி என் தலையில் ஏற்கெனவே இருக்கிறது என்றேன்.

கடைசியில் பேச்சு இப்படி முடிந்தது. வருகிற 25ஆம் தேதி ஓட்டம். எல்லோரும் ஒன்றாகவே கிளம்புவது. முழுத் தூரம். கையில் பேண்டோடு, பின்தங்குகிறவர்களை ஏற்றிக்கொள்ளப் பின்னால் வரும் குட்டி யானை வண்டி என்னை முந்துவதற்குள் நான் கோட்டைத் தாண்டினால், அந்த விதியைக் கைவிடுகிறார்கள். குட்டி யானை முந்திவிட்டால் நான் அதில் ஏறிக்கொள்ள வேண்டும், அடுத்த முறை தொப்பி ஓட்டம்.

"டிசம்பர்?" என்றேன்.

"டிசம்பர் டிசம்பர்னா எப்படி பாய். முதல்ல இதை முடிங்க."

போகும்போது என் வண்டியைத் தட்டிப் பார்த்தார். "அலுமினியமா? பிரியாணி தேக்சாவ உருக்கி செஞ்சதா?"

"ஆமா. உங்களுது அடுப்புக்கரி."

ஜனவரி 10, சனி

மேகமூட்டம். வண்டியைப் பிரித்தேன்.

ஹேண்டில் சுற்றுத் துணியை உரித்தால் உள்ளே வெள்ளைப் பொடி. வியர்வையும் உப்புக்காற்றும் அலுமினியத்தைத் தின்றிருக்கிறது. நல்லவேளை மேலோடுதான். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, துடைத்து, உலர்த்தி, புதிய சுற்று. சுற்றுவதில் எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. முப்பது வருடம் கயிற்றுக்கடை.

வாசலில் ஜமீலா (வீட்டுக்காரி) நின்று பார்த்தாள். "எனக்கு ஒரு நாளாவது இப்படிப் பொடி தொடச்சி விட்டிருக்கீங்களா?"

"உனக்குத் துரு பிடிக்கல."

"பிடிச்சாலும் தெரியப்போறதில்ல."

முடிந்தது:
ஹேண்டில் சுற்று. முன் பிரேக் கட்டை. செயின். பின் பல்சக்கரம், பெரிய பல் உள்ளது (எதிர்க்காற்றுக்கு). இரண்டு சக்கரத்துக்கும் பேரிங் கழுவிப் புது கிரீஸ்.

பாக்கி:
அகலமான டயர். பின் பிரேக் கம்பி. சீட் உயரம்.

சீட் உயரம்தான் தொல்லை. சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்) சட்டத்துக்குள் உப்பில் இறுகிப்போய் வருடங்கள் ஆகின்றன. இரண்டு விரல் உயர்த்தவேண்டும். அசையமாட்டேன் என்கிறது. என்னைப்போல, என்று ஜ. சொன்னாள்.

ஜனவரி 11, ஞாயிறு

டயர் மாட்டியாயிற்று. பழையது இருபத்தைந்து மில்லி அகலம், இது இருபத்தெட்டு. பின்பக்கம் சட்டத்துக்கும் டயருக்கும் நடுவே ஒரு தீக்குச்சி போகும் இடம். போதும். கடையில் இருந்த பையன்கள் "உங்க சட்டத்துக்குப் போவாது அங்கிள்" என்றார்கள். போயிற்று.

பின் பிரேக் கம்பி புதிது. கூர்மையான முனை விரலில் ஏறி ரத்தம்.

ஜனவரி 13, செவ்வாய்

போகி நாளைக்கு. பெரிய மார்க்கெட் பக்கம் கால் வைக்க இடமில்லை, கரும்பும் மஞ்சள் கொத்தும். நாசர் (மகன், இப்போது கடை அவன் பொறுப்பு) சரக்கு எடுக்கப் போயிருந்தான், கல்லாவில் நான்.

கலைச்செல்வி டீச்சர் உள்ளே வந்தார். என்னைப் பார்த்ததும் திரும்பிப் போகப் பார்த்தார். இந்தத் தெருவில் கயிற்றுக்கடை இது ஒன்றுதான் திறந்திருந்தது.

"கயிறு இழுக்கிற போட்டி பாய். ஸ்கூல்ல பொங்கல் விழா."

"பக்கத்துக்கு எத்தனை பேர்?"

"எட்டு."

"நைலான் வேணாம், புள்ளைங்க கைய அறுத்துடும். இத எடுத்துக்குங்க."

தேங்காய்நார், நல்ல முறுக்கு. அளந்து, முனைகளைக் கட்டிக் கொடுத்தேன். நடுவில் சிவப்புத் துணி ஒன்றும் கட்டினேன், அது இல்லாமல் போட்டி நடக்காது. டீச்சர் பணத்தை நீட்டினார்.

"டிசம்பர்ல டீ நல்லா இருந்துதா டீச்சர்?"

அவர் கை அப்படியே நின்றது.

"நீங்க அவ்ளோ சீக்கிரம் வருவீங்கன்னு யார் கண்டா பாய். மொத ஆளு வர இன்னும் நேரம் இருக்குன்னு ஒரு வாய் குடிக்கப் போனேன். குளிரு. திரும்பி வந்து ஒக்காந்தேன், வரிசையா எல்லாரும் வந்தாங்க. நீங்க வரல."

"வந்துட்டுப் போயிட்டேன்."

"இப்ப தெரியுது."

"அப்ப கமிட்டியில சொல்லுங்க."

"சொன்னா என்ன ஆவும்னு உங்களுக்குத் தெரியாது. அந்தக் கமிட்டியில நான் ஒருத்திதான் பொம்பள. எடம் வாங்க ரெண்டு வருஷம் ஆச்சி. நாற்காலிய விட்டுட்டு டீ குடிக்கப் போனான்னு தெரிஞ்சா லூர்து சார் என்ன சொல்லுவாரு? பொம்பளைங்களுக்கு இதெல்லாம் சரிப்படாதுன்னுதான் சொல்லுவாரு. ஆம்பள ஒருத்தர் போயிருந்தா, டீதானேம்பாங்க."

அவர் சொன்னது உண்மை. லூ. அப்படித்தான் சொல்வார். அதற்காக என் பெயர் பொய்யாகிவிடாது.

"நானும் பொய் சொல்லல டீச்சர்."

"தெரியும் பாய்."

கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு போனார். விலை குறைக்கவில்லை. ஏற்றவும் இல்லை.

ஜனவரி 15, வியாழன். பொங்கல்

எதிர் வீட்டிலிருந்து சர்க்கரைப் பொங்கல். முந்திரி தாராளம்.

சாலை காலி. காலையிலேயே காலாப்பட்டு வரை ஓட்டிப் பார்த்தேன். வண்டி புது வண்டி. பேரிங் சத்தமே இல்லை. போகும்போது வாடை நெஞ்சில் கை வைத்துத் தள்ளியது, பெரிய பல்லில் போட்டு உருட்டிக்கொண்டே போனேன். வரும்போது அதே காற்று முதுகில்.

முழங்கால் மட்டும் வலி. சீட் தாழ்வு. உயர்த்தியே தீரவேண்டும்.

கோட்டக்குப்பத்தில் ஒருவன், மோட்டார் பைக்கில்: "பெரியவரே, பெட்ரோல் தீந்துபோச்சா?" சிக்னலில் அவனை முந்தினேன்.

ஜனவரி 18, ஞாயிறு

சீட் போஸ்ட். நாள் முழுக்க.

துரு எடுக்கும் எண்ணெய் விட்டு மூன்று நாளாக ஊறியது. அசையவில்லை. வெந்நீர் ஊற்றினேன். அசையவில்லை. சீட்டைப் பிடித்துத் திருகினால் சீட்தான் கழன்று வரும்போல் இருந்தது. நாசர் சொன்னான், "அத்தா, மெக்கானிக்கிட்ட விடுங்க, வெட்டி எடுத்துடுவான்." வெட்டினால் சட்டம் போயிற்று. இவனுக்கு எதற்கெடுத்தாலும் வெட்டு.

அஸர் தொழுகைக்குப் பிறகு யோசனை வந்தது. கடையில் லாரி லோடு கட்டும்போது கயிற்றைத் தடியில் சுற்றி முறுக்குவோமே, அது. பருத்திக் கயிற்றைப் போஸ்டின் மேல் நெருக்கமாகச் சுற்றி, முனையில் உலக்கையைக் கோத்து, நெம்பினேன். கயிறு இறுகி உலோகத்தைக் கவ்வியது. சட்டத்தைப் பிடித்துக்கொள்ள ஆள் வேண்டும். ஜமீலா முந்தானையைச் செருகிக்கொண்டு சட்டத்தின் குறுக்கே கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"நான் புடிச்சிக்கிறேன். நீங்க இழுங்க."

ஒரு முனகல். பிறகு டக் என்று ஒரு சத்தம். அரை விரல் திரும்பியது. பிறகு கால் வட்டம். பிறகு வெளியே வந்துவிட்டது, உள்பக்கமெல்லாம் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை.

ஜ. இறங்கினாள். "ஓட்டத்துல என் பேரும் போடச் சொல்லுங்க."

ஜனவரி 20, செவ்வாய்

வைத்திக்குப்பம். படகு இன்ஜின் பார்க்கிற தேசிங்கு நம் கடையில்தான் கயிறு எடுப்பான். உப்புத் தண்ணீரில் கிடந்தாலும் பிடிக்காத கிரீஸ் வேண்டும் என்று கேட்டேன். நீல நிறம், ஒட்டினால் விடாது. ஒரு டப்பா கொடுத்தான். எதற்கு என்று அவன் கேட்கவில்லை, நான் சொல்லவும் இல்லை. வலை உதறிக்கொண்டு இருந்தார்கள், ஒரே சத்தம்.

போஸ்டில் தாராளமாகப் பூசி இறக்கினேன். இனி ஜென்மத்துக்கும் உப்பு பிடிக்காது. இரண்டு விரல் உயரம் வைத்து, அந்த இடத்தில் கருப்பு டேப் ஒரு சுற்று, அடையாளத்துக்கு. போல்ட்டை அளவாகத்தான் முறுக்கினேன். அலுமினியம். அதிகம் முறுக்கினால் விரிசல் விடும் என்று வீடியோவில் மூன்று பேர் சொல்கிறார்கள்.

முல்லா வீதியை இரண்டு சுற்று. சீட் உயரம் கச்சிதம். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

ஜனவரி 24, சனி

நாளை ஓட்டம். கனம் குறைத்தேன். மணி, பின் விளக்கு, ஒரு தண்ணீர்ப் பாட்டில், சீட்டுக்கு அடியில் இருந்த ஆயுதப் பை எல்லாம் கழற்றி வைத்துவிட்டேன்.

"வழியில ஏதாவது கழண்டுச்சின்னா?" ஜ.

"எல்லாம் நான் மாட்டினது. கழலாது."

அவள் அந்தப் பையை எடுத்து அலமாரியில் வைத்தாள். அதுதான் எரிச்சல்.

லூ. குழுவில் செய்தி போட்டிருக்கிறார்: திரும்பும் இடத்தில் பொறுப்பு கலைச்செல்வி டீச்சர். கீழே பத்துப் பதினைந்து கட்டைவிரல்கள்.

வெள்ளைச் சட்டை துவைத்துக் காயப்போட்டாயிற்று. காற்று இன்னும் வடக்கிலிருந்துதான்.

ஜனவரி 25, ஞாயிறு

குளித்து, சாப்பிட்டு, கால் நீட்டி எழுதுகிறேன். வரிசையாக எழுதவேண்டும்.

கிளம்பும்போது பனி. முப்பது பேருக்கு மேல், நான்தான் மூத்தவன். பின்னால் குட்டி யானை, உள்ளே ஏற்கெனவே ஒரு பெஞ்ச் போட்டு வைத்திருந்தார்கள். டிரைவர் என்னைப் பார்த்து, "ஜன்னல் பக்கம் எடம் வெச்சிருக்கேன் பாய்" என்றான்.

போகும்போது முழுக்க எதிர்க்காற்று. ஆறு பேர் ஒரே வரிசை, ஒருவர் முன்னால் காற்றை வாங்குவது, மற்றவர் பின்னால் ஒதுங்குவது, பிறகு மாறுவது. என் முறை வந்தபோதெல்லாம் நான் முன்னால் போனேன். லூ. முறை வரும்போது அவருக்கு ஷூ கயிறு அவிழ்ந்துவிடும். கார்பன் வண்டி, காற்றுப் பட்டால் ஜலதோஷம் பிடிக்குமோ என்னவோ.

கனகசெட்டிக்குளம். டீச்சர் உட்கார்ந்திருக்கவில்லை. நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டுச் சாலையோரம் நின்றுகொண்டு இருந்தார், கழுத்தில் மஃப்ளர். கையை நீட்டினேன். மஞ்சள் ரப்பர் பேண்டு ஏறியது. உடனே இன்னொன்றும் ஏறியது. பச்சை.

"அது போன தடவைக்கு பாய்."

நான் நின்றுவிட்டேன். ஓட்டத்தில் நிற்கக்கூடாது, நின்றேன். பச்சையைக் கழற்றி அவர் கையில் வைத்தேன்.

"இது இங்க வேணாம் டீச்சர். கமிட்டி முன்னாடி போடுங்க."

"இப்படியே வெச்சிக்கக் கூடாதா? நமக்குள்ள?"

"நமக்குள்ள எனக்கு ஏற்கெனவே தெரியும். அவங்களுக்குத்தான் தெரியல."

கிளம்பிவிட்டேன். திரும்பிப் பார்க்கவில்லை. கூட வந்த ஐந்து பேரும் போய்விட்டிருந்தார்கள்.

காற்று முதுகில். காலாப்பட்டு தாண்டும்வரை நான் நினைத்ததைவிட வேகம். இரண்டு பேரை முந்தினேன், அதில் ஒருவர் லூ. பிள்ளைச்சாவடி அருகில் முழங்கால் இடிக்கிற மாதிரி இருந்தது. குனிந்து பார்த்தேன். கருப்பு டேப்பைக் காணோம். சட்டத்துக்குள் போய்விட்டது.

தேசிங்கு கொடுத்த கிரீஸ். உப்புக்கு மட்டுமா பிடிக்காது, எதற்குமே பிடிக்கவில்லை. ஒவ்வொரு குழியிலும் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கி, பொம்மையார்பாளையம் வருவதற்குள் முழங்கால் மார்பு வரை வந்தது. இறங்கி, சீட்டைத் தூக்கினேன். ஏறினால் வெண்ணெயில் கத்தி மாதிரி இறங்குகிறது. சீட் போல்ட்டை முறுக்கும் ஆலன் கீ, ஆயுதப் பையோடு அலமாரியில்.

லூ. வந்தார். அவரும் பின்தங்கி இருந்திருக்கிறார், ஒதுங்க யார் முதுகும் இல்லாமல் தனியாக மிதித்த களைப்பு முகத்தில்.

"என்ன பாய், புள்ளைங்க மூணு சக்கர வண்டி ஓட்டற மாதிரி இருக்குது."

"சீட் எறங்குது."

பையைத் தட்டினார். "ஆலன் கீ இருக்குது. வேணுமா?"

"வேணாம். வெளி உதவி வாங்கக்கூடாதுன்னு நீங்கதான் விதி போட்டீங்க."

"நானே தலைவர். நானே தர்றேன்."

"வாங்கினா சாவறவரைக்கும், பாய நான்தான் முடிக்கவெச்சேன்னு சொல்லுவீங்க."

யோசித்தார். "சொல்லுவேன்தான்," என்றார். போய்விட்டார். அந்த ஒரு பதிலுக்காக அவரைக் கொஞ்சம் பிடித்தது.

நின்றுகொண்டே மிதித்தேன். தொடை நடுங்கியது. பின்னால் குட்டி யானையின் ஹாரன், தூரத்தில், விளையாட்டாக.

ஓரத்தில் வலைக்கயிறு ஒரு துண்டு கிடந்தது. பச்சை நைலான், இரண்டு முழம் இருக்கும், லாரி ஏறி நசுங்கியது. இறங்கினேன். எடுக்கலாமா என்று ஒரு நிமிடம் நின்றேன். டிசம்பரில் பை நாற்காலிமேல் இருந்தது, அது ஒருவர் பொறுப்பில் இருந்தது. இது சாலையில் கிடப்பது, யாருடையதும் இல்லை, யாரும் தந்த உதவியும் இல்லை. எடுத்தேன்.

சீட்டை அளவுக்கு உயர்த்தி, போஸ்டைச் சட்டைக் கையால் துடைத்து, சட்டத்தின் வாய் ஓரத்தில் கயிற்றை நெருக்கி நெருக்கிச் சுற்றினேன். ஒவ்வொரு சுற்றையும் முந்தைய சுற்றின்மேல் ஏற்றி இழுத்து முடிச்சு. சீட்டுக்கு அடியில் ஒரு கழுத்துப்பட்டை மாதிரி. இனி இறங்கவேண்டும் என்றால் கயிற்றைத் தாண்டித்தான் இறங்கவேண்டும். கை தானாகச் செய்தது. குட்டி யானை வந்து பின்னால் நின்றுவிட்டது.

"ஏறிக்க பாய். முடிச்சி போட்டது போதும்."

"முந்திட்டியா?"

"இல்ல."

"அப்ப ஹாரன் அடி. நான் போறேன்."

ஏறினேன். சீட் ஒரு மயிரிழை இறங்கிக் கயிற்றில் உட்கார்ந்தது. நின்றது. அவ்வளவுதான் எனக்குத் தேவை.

கோட்டக்குப்பம் முழுக்க ஞாயிற்றுக்கிழமைக் கறிக்கடைக் கூட்டம். குட்டி யானைக்கு வழி கிடைக்கவில்லை, எனக்குக் கிடைத்தது. "வழி விடுப்பா, நம்ம பாய் வர்றாரு" என்று எவனோ கத்தினான். யார் என்று தெரியவில்லை. கொக்கு பார்க். கோடு. பின்னால் குட்டி யானை இன்னும் சிக்னலுக்கு அந்தப் பக்கம்.

கடைசியில் இருந்து மூன்றாவது, எனக்குப் பின்னால் இருந்த இருவரும் குட்டி யானை பெஞ்சில். முடித்தேன்.

லூ. என் மணிக்கட்டைத் தூக்கி மஞ்சளைப் பார்த்தார். சத்தமாகவே சொன்னார், "முழுத் தூரம். எழுதுங்கப்பா." பிறகு கயிற்றைப் பார்த்தார். இட்லித் தட்டை என் கையில் கொடுத்து, "தொப்பி விதி செத்துப்போச்சி பாய். பழசையும் விட்டுடுங்க. சே பா கிராவ்" என்றார்.

"டிசம்பர் பாக்கி இருக்குது."

"அல்லா சத்தியமா, உங்கள மாதிரி ஒரு ஆள…" லூர்து, கிறிஸ்துவர், அல்லாமேல் சத்தியம் செய்கிறார். எல்லோரும் சிரித்தார்கள். நானும்.

டீச்சர் கடைசியாக வந்தார், ஸ்கூட்டியில் நாற்காலியைக் கட்டிக்கொண்டு. பச்சை ரப்பர் பேண்டு அவர் மணிக்கட்டில் இருந்தது. இட்லி எடுக்கவில்லை. தூரத்திலிருந்து என்னைப் பார்த்து விரலால் ஆறு என்று காட்டினார். புரியவில்லை. பிறகு புரிந்தது. இன்றோடு ஆறு நாள் தள்ளி, சனிக்கிழமை. கமிட்டிக் கூட்டம்.

ஜனவரி 26, திங்கள்

கொடியேற்றம் நடக்கும் சத்தம். மிட்டாய். உடம்பெல்லாம் வலி, பல் வரைக்கும்.

தேசிங்கைப் பார்த்தேன். நடந்ததைச் சொன்னேன்.

"படகு இன்ஜினுக்குன்னு நெனச்சிக் குடுத்தேன் பாய். குந்துற எடத்துல பூசிக்கவா கேட்டீங்க?"

"புடிக்கக்கூடாதுன்னு கேட்டேன்."

"புடிக்கலையே. அப்ப நல்ல கிரீஸ்தானே?"

அவன்மேல் தப்பு இல்லை. டப்பாவைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஜ. அந்தக் கயிற்று முடிச்சை அவிழ்க்கவிடவில்லை. இருக்கட்டும் என்கிறாள்.

ஜனவரி 29, வியாழன்

டீச்சர் வீட்டுக்கே வந்தார். ஜ. தேநீர் கொடுத்தாள். டீச்சர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, "இதுதான் எல்லாத்துக்கும் காரணம்" என்றார். ஜ.வுக்கு முழுக்கதையும் அவரே சொன்னார், நான் சொன்னதைவிட நன்றாக.

ஜ. கேட்டாள்: "அந்தப் பனியில தனியா ஒரு பொம்பளைய ஒக்கார வெச்சிட்டு, டீ வாங்கித் தர ஒரு ஆளு இல்லையா அந்தச் சங்கத்துல?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. இரண்டு மாதமாக என் பெயரை மட்டுமே நினைத்துக்கொண்டு இருந்தேன். ஆனாலும் என் பெயர் என் பெயர்தான்.

"நீங்க கத்துவீங்களா பாய், சனிக்கிழமை?" டீச்சர் கேட்டார்.

"நீங்க சொன்னா நான் எதுக்குக் கத்தறேன்?"

ஜ. சிரித்துக்கொண்டே உள்ளே போனாள்.

ஜனவரி 31, சனி

வெயில் நல்லது. காற்று குறைந்திருக்கிறது. கூட்டம் மக்ரிப் தொழுகைக்குப் பிறகு, லூ. வீட்டு மாடியில்.

நடக்கவேண்டியவை, யார் யார் என்று:

லூர்து: டிசம்பர் முடிவுகளில் என் பெயருக்கு நேராக உள்ள "முடிக்கவில்லை" அடிக்கப்படவேண்டும். "முடித்தார்" என்று எழுதி, முன்பு அனுப்பிய அதே குழுவில் அனுப்பவேண்டும். கட்டைவிரல் வேண்டாம். சே பா கிராவும் வேண்டாம்.

கமிட்டி: அறுபத்தைந்து விதி செத்தது என்பது இட்லித் தட்டோடு சொன்னது. அதை உட்கார்ந்து ஒருமுறை சொல்லவேண்டும்.

கமிட்டி: திரும்பும் இடத்தில் இனி இரண்டு நாற்காலி, இரண்டு பேர். ஒருவர் டீ குடிக்கப் போகலாம்.

ஜமீலா: இரண்டாவது நாற்காலி. அவளே கேட்டாள். ஃபிளாஸ்க் அவள் கொண்டுவருவாள்.

நாசர்: கூட்டத்துக்கு என்னை ஸ்கூட்டரில் இறக்கிவிடவேண்டும். உள்ளே வரவேண்டாம்.

நான்: சீட் போஸ்ட், சோப்பு போட்டுக் கழுவி, மெல்லிய பூச்சு. ஆயுதப் பை திரும்ப வண்டியில்.

மற்ற எல்லோரும்: டீச்சரை ஒரு வார்த்தை சொல்லக்கூடாது. சொன்னால் என்னிடம் சொல்லட்டும்.

கலைச்செல்வி டீச்சர்: நடந்ததை அவர் வாயால் சொல்வது. பிறகு பச்சை ரப்பர் பேண்டு, எல்லோரும் பார்க்க, என் கையில்.

நான்: அவர் பேசி முடிக்கும்வரை வாயைத் திறக்கக்கூடாது.